மூன்று பவுண்டு காற்று

கண்மாய் வற்றிய பிறகுதான் தெரிந்தது
இத்தனை நாள் படகு எதன்மேல் ஓடியதென்று.
உள்வாய் முழுக்க வெட்டிப்போட்ட கருவேலந் தூர்கள்,
நடுவில் யாருடையதோ ஒரு கலப்பைக் கொழு.

சௌந்தரம் போன் பண்ணினாள்.
“காருக்கு ஒடுக்கு எடுப்பீங்களாமே,
ரெண்டு அலுமினியக் குழாய் இருக்கு, இருபதடி.”
குழாய்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

தேவகோட்டை ரஸ்தாவில் என் பட்டறை வாசலுக்கு
மீன் லாரியில் மல்லாந்து வந்தது மிதவைப் படகு.
முன்பு ஆலப்புழையில் தேனிலவுக்காரர்களை ஏற்றியதாம்;
விலாவில் பாதி உரிந்த மலையாள எழுத்து.
இங்கே ஏற்றுவது
கட்லா, ரோகு, ஈர வலை,
குத்தகைப் பணத்துக்கு மாதம் மூணு வட்டி.

இடது குழாயின் திருகைக் கழற்றினேன்.
குடித்த தண்ணீர் கால்மணி நேரம் வடிந்தது.
வாசல் சேறாகிவிட்டது,
பஞ்சர் கடைக்காரன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு திட்டினான்.

சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே கேட்டேன்,
அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.
இது மடைக்கல், காற்று தள்ளிருச்சு.
இது கருவேலம். இதுவும். இதுவும்.
இது லாரியில ஏத்தும்போது,
கயிறு பிடிச்சவனுக்கு அப்பத்தான் போன் வந்துச்சு.
இது போன வருஷம், சரியா ஞாபகமில்ல.

இந்த நீள மடிப்பு?

பேச்சில்லை.
கடப்பாரை இறங்கினால் தகடு எப்படி மடங்கும் என்று
இருபது வருஷம் பஸ் தகரம் தட்டியவனுக்குத் தெரியாதா.
“அதுவும் கருவேலம்னே வச்சுக்கங்க.”
வச்சுக்கொண்டேன்.
ஏழாவது வட்டம்.

காரென்றால் கதவைப் பிரித்து உள்ளே கை விடலாம்.
இது இரண்டு முனையும் அடைத்த குழாய்,
உள்ளிருந்து தட்ட ஒரு வழியும் கிடையாது.
வெளியே காது வைத்துப் பற்றவைத்து
பல்லைக் கடித்து இழுக்க வேண்டும்.

இரும்பு நியாயஸ்தன். சூடானால் சிவந்து காட்டும்,
போதும் நிறுத்து என்று சொல்லும்.
அலுமினியத்துக்கு முகமே மாறாது.
வெள்ளையாய்த்தானே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பொத்தென்று ஓட்டை விழும்.
முதலில் ஒரு பிரியாணி அண்டா மூடியில் பழகிப் பார்த்தேன்.
மூடி போச்சு.
அப்புறம் சிட்கோவிலிருந்து ஜபருல்லாவை வரச்சொன்னேன்,
ஆர்கன் சிலிண்டரும் அவன் வாயும் ஒரே வாடகை.

ஆறு ஒடுக்கும் இரண்டு நாளில் ஏறக்குறைய நிமிர்ந்தன.
ஏறக்குறையதான். விரலால் தடவினால் தெரியும்.

ஓட்டை எங்கே என்பது மிச்சம்.
மடிப்பில்தான் என்றேன் நான்.
மடிப்பில்தான் என்றான் ஜபருல்லா, ஒரு டீ பந்தயம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சைக்கிள் பம்பால் மூன்று பவுண்டு காற்று,
அதற்குமேல் ஏற்றினால் குழாய் பிளக்கும்.
சோப்புத் தண்ணீரைத் துணியில் தோய்த்துத் தடவினோம்.

மடிப்பில் ஒரு குமிழி இல்லை.

மேல்தளத்தைத் தாங்கும் பட்டைக்கு அடியில்,
கம்பெனி வைத்த வெல்டிங்கின் ஓரத்தில்,
ஒரு கல்லும் கட்டையும் தொட்டிராத இடத்தில்
கடுகு கடுகாய் நுரைத்தது.
முடி அளவுக் கீறல்.

சௌந்தரம் குனிந்து பார்த்தாள்,
ரொம்ப நேரம்.
“அப்ப அவன் அடிச்சது இல்லையா” என்றாள்.
அவள் சொல்லிவிட்டதை
ஜபருல்லாவும் நானும் கேட்காதது மாதிரி
வயரைச் சுருட்டினோம்.

கீறலை அடைத்தாயிற்று.
மடிப்பை இழுத்தால் அதன் நுனியில் பிளவு விடும்,
அப்படியே கிடக்கட்டும் என்றேன்.
ஓடுமா? ஓடும்.
கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், துடுப்பைப் பார்த்துப் போடணும்.
ஆறு ஒடுக்குக்குப் பணம் வாங்கினேன்.
டீக்கு யார் கொடுப்பது என்று முடிவாகவில்லை.

ஐப்பசியில் கலுங்கு பாய்ந்தது.
வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
படகு மிதக்கிறது. இடது ஓரத்தில் ஒருவன்
காலைத் தொங்கப்போட்டு, மடிப்பை மறைத்தபடி,
கைக்குழந்தை அளவு கட்லாவைத் தூக்கிக் காட்டுகிறான்.
கீழே எழுதியிருந்தாள்:
இதுதாண்ணே அந்தக் கருவேலம்.